ஒரு சொட்டு அரக்கு

பழைய போர்வையில் சுற்றி
ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார் பத்ருன்னிசா.
தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி.
ஓட்டு எண்ணி, மாலை போட்டு, பதவியேற்று,
அதற்கும் மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வந்ததாம்.

"போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு துலுக்காணம்.
இப்ப விசையை இழுத்தா
சுவத்தை இழுக்கிற மாதிரி இருக்கு.
சுட்டாத் துப்பாக்கி. சுடாட்டி வெறகு.
எதுன்னு பாத்துச் சொல்லு."

சிந்தாதிரிப்பேட்டையில் என் பட்டறை.
கீழே எங்கோ மெட்ரோவுக்குத் துளைக்கிறார்கள்.
மேசையில் கழற்றி வைத்த திருகாணிகள்
தாமாகவே ஓரத்துக்கு நடக்கின்றன.
அதனால் எல்லாவற்றையும் டிபன் தட்டில் போட்டுத்தான் வேலை.

உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன்.
விரலை விட்டும் பார்த்தேன்.
கண் சில நாள் சோம்பேறி.

நெம்புகோலைத் தாழ்த்தினால்
சுத்தியல் பின்னால் சாய்ந்து குந்துகிறது, சமர்த்தாய்.
நெம்புகோலை மூடிவிட்டு விசையைத் தொட்டால்
கல்.

முதல் நாள் எண்ணெயைச் சந்தேகித்தேன்.
ஸ்டேஷனில் எவரோ இரக்கப்பட்டுத்
தேங்காயெண்ணெய் பூசியிருந்தார்.
கடற்காற்றும் கத்திரி வெயிலும் சேர்ந்து
அதைப் பலாப்பிசினாக்கி வைத்திருந்தன.
மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன்.
சுத்தியல் முன்னிலும் லேசாய் ஆடியது.
விசை, கல்.

இரண்டாம் நாள் ஸ்பிரிங்கைப் பழி சொன்னேன்.
போன் போட்டு முன்பணமும் வாங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் பூதக்கண்ணாடி.
சுத்தியலின் பள்ளத்தில் விசையின் உதடு
எங்கே உட்கார்கிறது என்று பார்த்தேன்.
கூர் மழுங்கவில்லை, உடையவுமில்லை.
இருந்தாலும் கை அரத்தைத் தேடிப் போனது.
எடுத்தேன். வைத்தேன்.
அந்த உதட்டில் ஒரு மயிரிழை உரசிவிட்டால்
அப்புறம் நெம்புகோல் மூடுகிற அதிர்ச்சிக்கே
சுத்தியல் விழும்.
அன்றைக்கு எதிரே நிற்பவன் யாரோ,
அவன் பேர் எனக்குத் தெரியாது.

பூட்டி மாட்டி முடித்தேன். கரண்ட் போனது.
மொபைல் டார்ச்சைக் கண்ணாடி டம்ளரில் நிறுத்திவிட்டு
சும்மா தூக்கிப் பிடித்தேன், அவ்வளவுதான்.
மூடிய நெம்புகோலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவே
ஒரு கோடு வெளிச்சம்.
அங்கே வெளிச்சத்துக்கு வேலையில்லையே!

இந்த ஜாதித் துப்பாக்கிக்கு ஒரு குணம்.
நெம்புகோல் முழுசாய் வந்து ஒட்டினால்தான்
உள்ளே ஒரு குட்டி முளை அழுந்தி
விசைக்கு வழிவிடும்.
அரைகுறையாய் மூடிய கைக்கு அது சுடாது.
முப்பது வருஷமாய் எனக்குத் தெரியும்.
மூன்று நாளாய்த் தெரியவில்லை.

மூங்கில் குச்சியால் சுரண்டினேன்.
எண்ணெய்க் கறுப்பில் ஒளிந்திருந்த ஒரு சொட்டு
பெயர்ந்து தட்டில் விழுந்து சிவந்தது.
அரக்கு.
அடையாளச் சீட்டைச் சணலால் கட்டி
முத்திரை வைத்தபோது வழிந்திருக்க வேண்டும்.
சணலின் முறுக்குகூட அதில் பதிந்திருந்தது.

விசையை இழுத்தேன்.
டக்.
பக்கத்துக் கடையில் மாவு மிஷின் பையன்
"அண்ணே, என்ன?" என்றான்.
"ஒண்ணுமில்ல" என்றேன்.
மறுபடி டக்.

காலையில் பத்ருன்னிசா வந்தார்.
ஸ்பிரிங் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணெய் துடைத்ததற்கு இருநூறு எழுதினேன்.
அரக்கு சுரண்டியதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
விட்டுவிட்டேன்.

சொட்டை உள்ளங்கையில் வாங்கி
நகத்தால் திருப்பிப் பார்த்தார்.
"இத்துணூண்டு" என்றார்.
உரிமப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார்.
போர்வையைச் சுற்றும்போது கேட்டார்:

"உள்ளாட்சித் தேர்தல் எப்பப்பா?"

தெரியாது என்றேன்.
ஆட்டோக்காரரைக் கேட்டார்.
அவருக்கும் தெரியவில்லை.